ஒரே பெயரில் இரண்டு ஊர்: திண்டுக்கல் சமவெளியின் குடியிருப்பு வரலாறு



1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரத்தின் மக்கள்தொகை 25,182. 2011இல் 2,07,327. நூற்றுப்பத்து ஆண்டுகளில் எட்டு மடங்கு. நகர வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் கோட்டை, ரயில், சுருட்டு, பூட்டு, தோல் என்று வரிசையாக நிரப்பிவிடுவார்கள். வந்து சேர்ந்த மக்கள் யார் என்று கேட்டால் “சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள்” என்பார்கள். அந்தக் கிராமங்களின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்பதுதான் இன்றைக்கு நான் கேட்க விரும்பும் கேள்வி.

இதற்குக் கணக்கெடுப்பு பதில் சொல்லாது. காரணம் எளிமையானது. கிராமப்புறத்தில் அது எண்ணி வெளியிடும் அலகு வருவாய்க் கிராமம். ஒரு வருவாய்க் கிராமத்துக்கு ஒரு பெயர், ஒரு எண், ஒரு மொத்தம். அதற்குள் ஊர்த்தெரு இருக்கும். ஓடையோ வயலோ புறம்போக்கோ தாண்டி சேரி இருக்கும். பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று அந்த மொத்தத்துக்குள் ஒரு எண் கிடைக்கும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது கிடைக்காது. புவியியல் பாடநூல் கூட்டுக் குடியிருப்பு, சிதறிய குடியிருப்பு, நீள்வடிவக் குடியிருப்பு என்று வகை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறது. ஒரே பெயரில் இரண்டு ஊர் என்ற வகை அதில் இல்லை. இந்தியாவில் மிகப் பரவலான வகை அதுதான்.

இதைப் புவியியல் கேள்வியாகவே முதலில் எடுத்துக்கொண்டவர் அண்ணல் அம்பேத்கர். தீண்டப்படாதோர் யார் என்பதை ஆராய்ந்து 1948இல் அவர் வெளியிட்ட நூல், இவர்கள் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள் என்று கேட்கிறது. ஊருக்குள் இருந்து வெளியேற்றப்பட்டார்களா, தொடக்கம் முதலே வெளியில்தான் இருந்தார்களா? இனக்குழுப் போர்களில் சிதறுண்டவர்கள் நிலைகுடிகளின் ஊர்களுக்குக் காவலாக எல்லையில் அமர்ந்தார்கள், தொடக்கம் முதலே அவர்கள் வெளியில்தான் என்பது அவர் கருதுகோள். அதை ஏற்பதும் மறுப்பதும் தனி விவாதம். சேரி இருக்கும் இடத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருந்தாக வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

திண்டுக்கல் சமவெளியில் அந்தக் காரணத்தைத் தேடினால் நாம் போய் நிற்கும் இடம் கிணற்றடி.

தமிழகத்தில் தலித் நில உறவுகள் பற்றிப் பேசும்போது நம் கண் உடனே தஞ்சைக்குப் போகிறது. பண்ணையாள், வாய்க்கால் பாசனம், 1968இன் கீழவெண்மணி. அது இயல்பு. ஆனால் இந்த மண் வேறு. ஒரு பக்கம் பழனி மலை, இன்னொரு பக்கம் சிறுமலை, நடுவில் செம்மண் மேடு. மழை குறைவு. குடகனாறும் நங்காஞ்சியும் வருடத்தில் பாதி நாள் மணல். சோளம், கம்பு, நிலக்கடலை, பருத்தி, புகையிலை என்று எது விளைந்தாலும் நம்பிக்கைக்குரிய தண்ணீர் கிணற்றுத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது கமலை.

கமலையைப் பார்த்திராத தலைமுறை இங்கே உட்கார்ந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். கிணற்று மேட்டில் உருளை. வடத்தில் கட்டிய சால் கிணற்றுக்குள் இறங்கும். சாலின் அடியில் யானைத் தும்பிக்கைபோல ஒரு தோல் வால். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் ஏறும். மேலே வந்ததும் வாலின் வாய் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். நாள் முழுக்க நனைந்து, இழுபட்டு, கல்லில் உரசும் தோல் அது. கிழிந்துகொண்டே இருக்கும். கிழிந்த அன்றைக்கே தைக்காவிட்டால் மறுநாள் பயிருக்குத் தண்ணீர் இல்லை. எனவே தோல் தைக்கத் தெரிந்தவர் கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும். தொடும் தூரத்தில் இருக்கக் கூடாது. சக்கிலியக்குடி என்று ஊர் பெயர் வைத்த இடம் இந்த இரண்டு தூரங்களுக்கு நடுவில்தான் அமைந்தது. என் தாய்வழிப் பாட்டன் வேடசந்தூர் பக்கத்தில் கமலை வால் தைத்தவர். விடியலில் யாராவது வந்து தெருமுனையில் நின்று குரல் கொடுப்பார்களாம். உள்ளே வர மாட்டார்கள். அந்தக் குரல் கேட்கும் தூரம்தான் எங்கள் தெருவுக்கும் ஊருக்கும் இருந்த தூரம்.

இதிலிருந்து ஒரு மக்கள்தொகை விளைவு பிறந்தது. ஒரு கிராமத்துக் கிணறுகளுக்குத் தோல் வேலை பார்க்கச் சில குடும்பங்கள் போதும். ஆகவே அருந்ததியர் ஊருக்குப் பத்து வீடு, பதினைந்து வீடு என்று சமவெளி முழுக்கத் தெளிக்கப்பட்டார்கள். நஞ்சைப் பகுதிகளில் நடவுக்கும் அறுப்புக்கும் கூட்டமாக ஆள் தேவைப்பட்டதால் பறையர், பள்ளர் தெருக்கள் பெரியவையாக இருந்தன. எண்ணிக்கை கொஞ்சமாவது பாதுகாப்பாக இருந்தது. பத்து வீட்டுக்காரர்கள் யாரை எதிர்த்து நிற்பது? இன்றைக்கும் ஊராட்சித் தேர்தலில் இந்தச் சிதறலின் விலையை அருந்ததியர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 20.95 விழுக்காடு, ஐந்தில் ஒருவர். அந்த ஐந்தில் ஒருவர் எப்படிப் பரவிக் கிடக்கிறார் என்பதை விழுக்காடு காட்டாது.

கூலி தானியமாக வந்தது, களத்து மேட்டில், ஊர்க்குடிகள் எல்லாம் அளந்துகொண்ட பிறகு. ஊழியக்காரர்களுக்கு அளக்கும் அந்தப் பங்குக்குப் பழைய வருவாய் வழக்கில் என்ன பெயர் தெரியுமா? சுதந்திரம். 1947க்கு முன்பே நமக்கு சுதந்திரம் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், முறத்தில்.

இந்த அமைப்பை முதலில் உலுக்கியது 1876–78 தாது வருடப் பஞ்சம். கிணறு வற்றினால் கமலை இல்லை, கமலை இல்லையென்றால் களத்தில் பங்கு இல்லை. மதுரை, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போனவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். அங்கே லயன் வீடுகள், அவற்றின் வரிசையிலும் சாதி பார்த்த கங்காணிகள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. தலைமுறைகள் கழித்துத் திரும்பியவர்களில் பலர் மூதாதையரின் சமவெளிக்கு வரவில்லை. வர அங்கே நிலம் எதுவும் இல்லை. கொடைக்கானல் மலைக்கு ஏறினார்கள். குளிரும் தோட்ட வேலையும் தெரிந்தவை. அங்கும் முன்பணக் கடனில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்கள் உண்டு. பஞ்சத்தில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வரும்போது நாட்டுக்கு சுதந்திரம் வந்து இருபது வருடம் ஆகப்போகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பஞ்சத்துக்குச் சற்று முன்னால், 1875இல், திருச்சியிலிருந்து மதுரைக்குப் போன ரயில் பாதை திண்டுக்கல்லைத் தொட்டது. 1866இலேயே நகராட்சி வந்துவிட்டது. இந்த இரண்டும் நமக்கு இரண்டு கதவுகளைத் திறந்தன. இரண்டும் பழைய வேலைக்கே இட்டுச் சென்ற கதவுகள்.

நகராட்சி என்றால் தெருக்கள், கழிப்பிடங்கள், அவற்றை அள்ள ஆட்கள். ரயில் என்றால் தோல். அதுவரை செத்த மாட்டின் தோல் ஊருக்குள்ளேயே கமலை வாலாகவும் செருப்பாகவும் சுற்றிக்கொண்டிருந்தது. ஏற்றுமதிச் சந்தை வந்ததும் அது காசானது. ஆவாரம்பட்டை இந்த வறண்ட காட்டில் வேண்டிய மட்டும் கிடைத்தது. பேகம்பூரிலும் அதைச் சுற்றியும் தோல் ஷாப்புகள் எழுந்தன. முதல் போட்டவர்களில் முஸ்லிம் வணிகர்கள் முக்கியமானவர்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் தலித்துகள், அவர்களில் கணிசமானவர்கள் கிறித்தவர்கள்.

கிராமத்தில் பத்து வீடாகச் சிதறிக் கிடந்தவர்கள் முதல்முறையாக நூற்றுக்கணக்கில் ஒரே வாசலுக்குள் நின்றது இந்தத் தோல் ஷாப்புகளில்தான். நாற்றம் பிடித்த குடியிருப்புகள், கையைத் தின்னும் சுண்ணாம்பு, முன்பணக் கடன் எல்லாம் இருந்தன. கூடவே சங்கமும் வந்தது. எண்ணிக்கை ஒரு இடத்தில் கூடும்போது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த நகரத்தில் இல்லை. திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்த டி. செல்வராஜ் இந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையைத்தான் ‘தோல்’ நாவலாக எழுதினார். 2012இல் சாகித்ய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. மாணவர்கள் அதை இலக்கியமாக மட்டும் வாசிக்காதீர்கள். ஒரு குடியேற்ற வரலாற்று ஆவணமாகவும் வாசியுங்கள்.

நகரத்துக்கு வந்ததால் தூரம் குறைந்ததா? துப்புரவுப் பணியாளர் குடியிருப்புகள் எங்கே கட்டப்பட்டன என்று நடந்துபோய்ப் பாருங்கள். கட்டியபோது அவை நகரத்தின் விளிம்பு. நகரம் வளர்ந்து அவற்றை விழுங்கிவிட்டதால் இன்று நடுவில் இருக்கின்றன, நிலமதிப்பு ஏறிவிட்டது, இப்போது அவர்களை அடுத்த விளிம்புக்கு அனுப்பப் பேசுகிறார்கள். கிராமத்தில் சேரி அசையாமல் நின்றது. நகரத்தில் சேரி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

கிராமத்துக்குத் திரும்புவோம். 1950களிலும் 60களிலும் மின்சாரக் கம்பி தோட்டங்களுக்கு வந்தது. பம்புசெட் வந்தது. இதைப் பசுமைப் புரட்சியின் அத்தியாயமாகப் படித்திருப்பீர்கள். எங்கள் தெருவுக்கு அது வேறு செய்தி. ஒரே தலைமுறையில் கமலை போனது, தோல் வால் போனது, களத்தில் அளந்த பங்கு போனது. சேரி அந்த இடத்தில் இருப்பதற்கான காரணமே போய்விட்டது. சேரி மட்டும் அங்கேயே இருந்தது.

மக்கள் நகர்வுக்குத் தள்ளும் காரணம், இழுக்கும் காரணம் என்று சமூகவியல் வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். வறட்சி தள்ளியது, நகரம் இழுத்தது என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் ஒரே கிணற்றடியில் பம்புசெட் ஒருவனுக்கு இரண்டாம் போகம், இன்னொருவனுக்கு வேலையிழப்பு. 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. வரவேற்க வேண்டிய திட்டம்தான்; எனினும் அது நிலத்தையும் கிணற்றையும் தொடர்ந்து போன மானியம். கிணறு இல்லாதவன் வீட்டுக்கு அதில் ஒரு சொட்டு வரவில்லை. பின்பு ஆழ்துளைக் கிணறுகள் போட்டி போட்டு இறங்கின. நீர்மட்டம் கீழே போய், சேரியின் அடிகுழாய் முதலில் வற்றியது.

இழுக்க வேண்டிய நகரமும் அப்போது தடுமாறிக்கொண்டிருந்தது. பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு 1970களில் கட்டுப்பாடு வந்தபின் பட்டை போய் குரோம் வந்தது. உப்பும் குரோமியமும் குடகனாற்றின் மேல்படுகையில் இறங்கின. பொன்மாந்துறைப் பக்கத்துக் கிணறுகள் பாழாயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. அதில் அன்றைக்கு திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்று பெயர்கொண்ட நம் மாவட்டமும் ஒன்று. சுத்திகரிப்பு இல்லாத ஆலைகளை மூடச் சொன்னது. தீர்ப்பு சரியானது, தண்ணீர் எல்லோருக்கும் உரியது. அந்தக் குழிகளில் இரண்டு மூன்று தலைமுறை நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று பின்தொடர்ந்து எண்ணும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. சுற்றுச்சூழல் இயக்கங்களோடு நாம் இதை இன்னும் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

அரசு சேரிக்காக இடம் தேடிய கதைக்கு வருகிறேன். சாதி இந்துக்களின் நிலத்தை மனைக்காக எடுக்கும்போது வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதனால் தமிழக அரசு 1978இல் அரிசன நலத் திட்டங்களுக்கு நிலம் கையகப்படுத்தத் தனிச் சட்டமே போட்டது. உச்ச நீதிமன்றம் 1994இல் அதன் பெரும்பகுதியைச் செல்லும் என்றது. சட்டத்தின் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஓலைக்குடிசையிலிருந்து கான்கிரீட் வீட்டுக்கு நம்மைக் கொண்டுவந்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் எந்த நிலம் எடுக்கப்பட்டது? பெரும்பாலும் பழைய சேரியை ஒட்டி, அல்லது அதையும் தாண்டி. பழைய சேரிக்குப் பக்கத்தில் புதுச் சேரி. அதற்குப் பெயர் காலனி.

பெயர்கள் எத்தனை மாறின என்று பாருங்கள். பறைச்சேரி, சக்கிலியக்குடி, பிறகு அரிசன காலனி, ஆதிதிராவிடர் காலனி, வெறும் காலனி, இப்போது அம்பேத்கர் நகர், இந்திரா நகர். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், தீண்டாமையின் அடையாளமாகிவிட்ட ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது. பள்ளிக்கூடத்தில் “எந்த ஊர்?” என்று கேட்டால் ஊர்ப்பெயரோடு காலனி சேர்த்துச் சொல்ல வேண்டிய குழந்தைக்கு அது ஒரு விடுதலை. சொல் போன இடத்தில் அளவை எண் அப்படியே இருக்கிறது, பாதையும் அப்படியே இருக்கிறது. 1989 வாக்கில் எழுப்பி 2008இல் ஒரு பகுதி இடிக்கப்பட்ட மதுரை மாவட்டத்து உத்தப்புரம் சுவரை எல்லோரும் அறிவோம். பெரும்பாலான ஊர்களுக்குச் சுவர் தேவைப்படவில்லை. வெறும் நிலமே போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் நண்பர்கள் கேட்பார்கள்: அம்பேத்கரே தனிக் குடியிருப்பு கேட்டாரே? கேட்டார். 1942 ஜூலையில் நாக்பூர் மாநாட்டுத் தீர்மானத்திலும், 1947இல் ‘அரசும் சிறுபான்மையினரும்’ அறிக்கையிலும் அது இருக்கிறது. ஒரு குடியேற்ற ஆணையம் அமைத்து, தரிசு அரசு நிலத்தில் பட்டியல் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் உருவாக்க வேண்டும் என்றார். அவர் கேட்டது விவசாய நிலத்தோடு கூடிய, எந்த ஊருக்கும் கடன்படாத, எண்ணிக்கையில் வலுவான கிராமம். நமக்குக் கிடைத்தது வேலைக்கு ஊரை நம்பியே இருக்க வேண்டிய மூன்று சென்ட். பஞ்சமி நிலம் அந்தக் கனவுக்கு அருகில் வந்த ஒன்று. அதை மீட்கக் குரல் கொடுத்ததற்காக 1994இல் செங்கல்பட்டில் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள்.

கடைசியாக நூற்பாலைகள். வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரச் சாலைகளில் போனால் கிணறு வற்றிய தோட்டங்களில் ஆலைகள் நிற்பதைப் பார்க்கலாம். விடியற்காலையில் ஆலை வேன்கள் காலனி முனைகளில் நின்று பெண்களை ஏற்றிக்கொள்கின்றன. என் பாட்டன் காலத்துக் குரல் இப்போது ஹாரன். சிலர் போய்வருகிறார்கள், சிலர் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஆலை விடுதிக்குள்ளேயே மூன்று வருடம் அடைபட்டார்கள். சம்பளத்தின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக் கல்யாணத்துக்குக் கொடுப்பதாகச் சொன்ன திட்டம் அது.

1885இல் இங்கிலாந்தின் கணக்கெடுப்பை வைத்து இடப்பெயர்வின் விதிகளை எழுதிய ரேவன்ஸ்டைன், பெரும்பாலோர் குறுகிய தூரமே நகர்கிறார்கள், அதில் பெண்களே அதிகம் என்று கவனித்தார். நம் சமவெளி அவரை மெய்ப்பிக்கிறது. ஆனால் நம் கணக்கெடுப்பு அந்தப் பெண்களை எப்படிப் பார்க்கிறது? ஒரு கிராமத்தை நகரமாக அது வகைப்படுத்த மூன்று நிபந்தனைகள்: ஐயாயிரம் மக்கள், சதுரக் கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழிலாளர்களில் ஆண்களில் 75 விழுக்காட்டினர் விவசாயம் அல்லாத வேலையில். ஆண்களில். கிராமத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஆலைக்குப் போனாலும் அந்த ஊர் கிராமம்தான்.

எண்ணப்படாத அந்தப் பெண்கள் எழுதிய வரலாறும் உண்டு. 2021 ஜனவரியில் இந்த மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அதன் பிறகு தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்று, 2022 ஏப்ரலில் தொழிற்சாலை நிர்வாகத்தையும் எச் அண்ட் எம் போன்ற பன்னாட்டு நிறுவனங்களையும் கையெழுத்திட வைத்தது. பாலியல் வன்முறைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிரான அந்த உடன்பாடு உலகம் முழுக்கத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அறியப்படுகிறது. தோல் ஷாப்பில் நடந்ததுதான் இங்கும் நடந்தது: பத்து வீடுகளாகச் சிதறிக் கிடந்தவர்கள் ஒரு வாசலில் கூடினார்கள்.

இப்போது சாதிவாரிக் கணக்கெடுப்பு வருகிறது. 2027 மார்ச் 1 அடிப்படை நாள். அதற்கு முன் வீட்டுப் பட்டியல். எத்தனை பேர் என்ற எண்ணுக்காக எல்லாச் சாதிச் சங்கங்களும் காத்திருக்கின்றன. நாம் எங்கே என்ற கேள்வியையும் சேர்த்து எழுப்ப வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகளுக்குள் 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் இருப்பதை ஊரக வளர்ச்சித் துறை பட்டியலிட்டே வைத்திருக்கிறது. கணக்கெடுப்பாளரும் தன் வட்டாரத்துக்கு ஒரு மாதிரிப் படம் போடுகிறார். தெரு, கோயில், குழாய், வீடு எல்லாம் அதில் வரும். சேரி அந்தப் படத்தில் இருக்கும். தாசில்தார் அலுவலகத்தைத் தாண்டி மொத்தமாகக் கூட்டும்போதுதான் அது காணாமல் போகிறது. குக்கிராம வாரியாக முடிவுகளை வெளியிடு என்பது நம் கோரிக்கையாக இருக்கட்டும்.

வெளியிடாவிட்டால் நாமே எடுப்போம். இங்கே வந்திருக்கும் மாணவர்கள் இந்தக் கோடை விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துப் போங்கள். உங்கள் சேரியின் கடைசி வீட்டிலிருந்து ஊரின் முதல் வீட்டுக்கு எத்தனை அடி, நடுவில் என்ன இருக்கிறது, அந்த நிலம் யார் பெயரில், சுடுகாட்டுக்கு எந்த வழி, ரேஷன் கடை எந்தப் பக்கம், எந்த வருடம் யார் எங்கே போனார்கள், யார் திரும்பி வந்தார்கள். பாட்டிகள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். கமலையைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சில பேர்தான் மிச்சம்.